நடைச்சட்டத்தில் ஒரு திருத்தம்

“மேடம், எங்க சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேணுங்க” என்று பவித்ரா தொலைபேசியில் கேட்டாள். என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண். இப்போது அரூர்ப் பக்கம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறாள். தலைப்பையும் அவளே தயாராக வைத்திருந்தாள்: ‘மாற்றுத்திறனாளிகள் மற்றும் முதியோர் நலக் கொள்கைச் சீர்திருத்தத்தில் துணை மருத்துவத் துறையினரின் பங்களிப்பு.’ அவள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

முப்பத்தோரு வருட வேலையில் நான் சீர்திருத்தியது ஒரு படிவத்தில் ஒரே ஒரு வரி. நடக்க முடியாதவர்களுக்கு உபகரணம் கொடுக்கும் படிவத்தில் ஏழாவது வரி: ‘வீட்டை நேரில் பார்த்து அளந்தவரின் பெயர், கையொப்பம்.’ அதையும் நான் போராடி வாங்கினேன் என்று சொன்னால் பொய். நான் கேட்டது ஒன்று, மேலே இருந்தவர்கள் புரிந்துகொண்டது வேறு, கடைசியில் கிடைத்தது மூன்றாவது. இதைச் சொன்னதும் பவித்ரா, “அதையே எழுதுங்க மேடம். அந்த ஏழாவது வரிய எதுக்கு வச்சாங்கன்னு எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியல. சும்மா கையெழுத்துப் போட்டுட்டு இருக்கோம்” என்றாள். சும்மா போடுகிறோம் என்றதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

படித்த காலத்தைப் பற்றி ஒரு பத்தி போதும். பாப்பாரப்பட்டியிலிருந்து சென்னைக்குப் போய்ப் படித்தேன். என் அப்பா, “இது டாக்டர் படிப்பா, நர்சு படிப்பா?” என்று கேட்டார். “ரெண்டும் இல்லப்பா, கை காலுக்குக் கரண்டு வச்சு, பயிற்சி குடுத்து நடக்க வைக்கிறது” என்றேன். அவர் காதில் கரண்டு மட்டும் விழுந்தது. படித்துவிட்டு ஊருக்கு வந்த முதல் வாரம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து, கிணற்று மோட்டார் ஓடவில்லை, கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அதே கதைதான். எல்லோருக்கும் நான் ‘கரண்டம்மா’. உடம்பில் சுர்ரென்று ஏறினால்தான் வைத்தியம். காலை மடக்கு, நீட்டு, எழுந்து நில் என்றால் அது வைத்தியமே இல்லை. இண்டூரிலிருந்து வரும் ஒருவர், மின்தடை அன்றைக்கு நான் பயிற்சி கொடுத்தபோது, “கரண்டு இல்லாத நாள்ல எதுக்குங்க வரச் சொன்னீங்க? பஸ்சு ஏறி வந்தவன வச்சு வெளையாடறீங்களே” என்று வருத்தப்பட்டார். அவருக்குக் கை தூக்க வந்தது அன்றைக்குத்தான். அவர் நம்பவில்லை.

கடைசிப் பத்து வருடம் என்னை அயல்பணியில் ஒரு நலத்துறை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். முகாம் போடுவது, உபகரணம் கொடுப்பது, படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது, இதுதான் வேலை. அங்கே என் மேலதிகாரி அர்த்தநாரி.

அர்த்தநாரியைப் போல ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. கோபப்பட மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். கோப்பைக் கையில் எடுத்தால் எழுந்து நின்றுகொள்வார். முதல் எழுத்திலிருந்து வாய்விட்டுப் படிப்பார். ஆங்கிலச் சொல் ஒன்று வந்ததும் நிறுத்தி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நம்மைப் பார்த்து, “இந்தச் சொல்லுக்கு இங்கே என்ன வேலை?” என்று கேட்பார். பச்சை மையால் அதை அடித்துவிட்டுக் கோப்பைத் திருப்பிக் கொடுப்பார். பேசுவதும் அப்படியே. “திலகவதி, தேநீர் அருந்திவிட்டீர்களா?” என்பார். அலுவலக உதவியாளர் அவருக்குப் பயந்து ‘பஸ் ஸ்டாண்டு’ என்பதைக்கூட விழுங்கிவிட்டு, “அங்க போயிட்டு வரேனுங்க” என்று கையால் திசையைக் காட்டிவிட்டுப் போவார்.

நான் போன புதிதில் வாக்கர்கள் ஒரு லாரி நிறைய வந்து இறங்கின. முதியவர்கள் பிடித்துக்கொண்டு நடக்கும் நான்கு கால் இரும்புச் சட்டகம். இருப்புப் பதிவேட்டில் ‘வாக்கர்’ என்று எழுதிக் கொண்டுபோனேன். பச்சை மை விழுந்தது. மூன்று நாள் அந்த அலுவலகத்தில் வேறு வேலை நடக்கவில்லை. ‘நடைவண்டி’ என்றேன். அது குழந்தைகளுக்கானது என்றார். ‘நடைத்துணை’ என்றேன். துணை என்றால் மனைவி என்று பொருள்படும், தணிக்கையில் கேள்வி வரும் என்றார். கடைசியில் அவரே ‘நடைச்சட்டகம்’ என்று கண்டுபிடித்தார். பதிவேட்டின் கட்டத்தில் எழுதிப் பார்த்தால் ‘கம்’ மட்டும் வெளியே தொங்கியது. கொஞ்சம் யோசித்துவிட்டு ‘க’வை மட்டும் அடித்தார். “சன்னலுக்குச் சட்டம் உண்டு. படத்துக்குச் சட்டம் உண்டு. நடைக்கு ஏன் இருக்கக் கூடாது?” என்றார். அன்றிலிருந்து வாக்கருக்குப் பெயர் நடைச்சட்டம். இனி வரும் வம்பெல்லாம் அந்தக் கட்டம் சிறியதாக இருந்ததால் வந்தது.

அப்போது ஒரு விதி இருந்தது. முகாமில் ஒருவருக்கு நடைச்சட்டம் கொடுத்துவிட்டால் கணினியில் அவர் ‘நடமாடுபவர்’ ஆகிவிடுவார். நடமாடுபவரை வீட்டுக்குப் போய்ப் பார்க்கத் தேவையில்லை. ஆகவே என் வீட்டுச் சிகிச்சைப் பட்டியலிலிருந்து அவர் பெயர் தானாகவே விழுந்துவிடும். நடப்பதற்கு ஒரு சாமான் கொடுத்தாயிற்று, ஆகவே நடக்கிறார். அவர் வீடு எப்படி இருக்கிறது, வாசல் எப்படி இருக்கிறது என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமே கிடையாது.

சித்தேரி மலையில் வெள்ளையன் என்று ஒருவர். எழுபதை ஒட்டிய வயது. சாமையும் கேழ்வரகும் விதைத்துக்கொண்டிருந்தவர், பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. ஏழெட்டு மாதம் நான் போய்ப் பயிற்சி கொடுத்ததில் எழுந்து நிற்கும் அளவுக்குத் தேறியிருந்தார். இடது கை பிடிக்கும், ஆனால் விடு என்றால் உடனே விடாது. அந்த நேரம் பார்த்து முகாம் வந்தது. அவரைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு போய் நடைச்சட்டம் வாங்கித் தொட்டிலிலேயே திருப்பிக் கொண்டுவந்தார்கள். மறுநாள் அவர் ‘நடமாடுபவர்’. பட்டியலில் பெயர் இல்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தமாகப் பஸ் ஏறிப் போனேன். வாசலில் நடைச்சட்டம் நின்றது. அதன்மேல் அவரைக் கொடி படர்ந்து பூ விட்டிருந்தது. அவர் மனைவி சின்னப்பொண்ணு சிரித்துக்கொண்டே வந்தார்.

“என்னக்கா இது, இதுல அவரை ஏத்தி வச்சிருக்கீங்க?” என்றேன்.

“அவரத்தாங்க மொதல்ல ஏத்திப் பாத்தோம். அவரு நிக்கல. அவரையாச்சும் நிக்குது” என்றார்.

வெள்ளையன் உள்ளே பாயில் கிடந்தார். சட்டை இல்லாத உடம்பைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. மெலிந்து போயிருந்தார். இடுப்பில் கட்டியிருந்த அரைஞாண் கயிறு இறங்கிக் கிடந்தது. புதிதாக ஒரு முடிச்சுப் போட்டுச் சுருக்கியிருந்தார்கள். காய்ச்சலா, வயிற்றுப்போக்கா என்று கேட்டேன். எதுவும் இல்லை என்றார். பக்கத்தில் களி உருண்டை அப்படியே இருந்தது.

“ஏங்க சாப்பிடல?”

சின்னப்பொண்ணுதான் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். “தின்னா வெளிய போவணுமில்லைங்களா. எனக்கு முட்டி வலி, தூக்க முடியாது. மவன் காபித் தோட்ட வேலைக்குப் போயிடுறான். மருமவதான் தூக்கிட்டுப் போறா. அவளும் மொகம் சுளிக்காமத்தான் செய்யறா. இவருக்குத்தான் வெக்கம். தின்னாத்தானே போவணும்னு சோத்த நிறுத்திட்டாரு. தண்ணியும் ரெண்டு வாய்தான்.”

முப்பது வருடத்தில் எத்தனையோ பக்கவாதம் பார்த்திருக்கிறேன். கக்கூசுக்குப் போக வழியில்லாமல் ஒரு மனிதர் தன்னைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அழுகை வந்தது. அழுதுகொண்டு நின்றால் அவரைக் கொடிக்கு ஆகும், அவருக்கு ஆகாது. அளக்க ஆரம்பித்தேன்.

கக்கூசு அரசாங்கம் கட்டிக் கொடுத்தது. வீட்டுக்கு மேலே, சரிவில், பதினோரு எட்டு தூரம். அந்தச் சரிவில் நடைச்சட்டத்தை வைத்தால் முன்கால்கள் மேட்டில் நிற்கும், சட்டம் மொத்தமும் அவரைப் பார்த்துச் சாயும், அவர் மல்லாந்து விழுவார். வந்திருந்தவை எல்லாம் கால் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியாத வெல்டிங் வேலை. சின்னப்பொண்ணு முனகிக்கொண்டே கொடியை அவிழ்த்துப் பந்தலுக்கு மாற்றினார். சட்டத்தைச் சரிவில் நிறுத்தி, பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலை அதன் மேல் கம்பியில் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டேன். பின்கால்களுக்கு அடியில் ஓட்டுச் சில்லுகளை ஒவ்வொன்றாக அடுக்கினோம். பாட்டிலுக்குள் தண்ணீர் நேராக நின்றபோது அடுக்கின் உயரம் நான்கு விரற்கடை. முன்கால்களில் அவ்வளவு குறைந்தால் ஏறலாம். இறங்கும்போது? திரும்பக் கூடாது. ஏறின முகமாகவே நின்று, பின்பக்கமாக ஒவ்வோர் எட்டாக இறங்க வேண்டும். சமதளத்தில் கேட்டால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். அந்த வாசலுக்கு அதுதான் சரி.

“ஆபீசுல எழுதிக் கேட்டு, கால மாத்துற மாதிரி ஒண்ணு வாங்கித் தரேன். அதுவரைக்கும் பொறுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சின்னப்பொண்ணு பொறுக்கவில்லை. நான் பஸ் ஏறிய கையோடு யாரிடமோ ஆக்ஸா பிளேடு வாங்கி முன்கால்கள் இரண்டையும் நான்கு விரற்கடை அறுத்து, கால் நுனியிலிருந்த ரப்பர் புஷ்ஷையும் பத்திரமாகத் திரும்ப மாட்டிவிட்டார். அடுத்த ஞாயிறு போனபோது வெள்ளையன் ஏறிக்கொண்டிருந்தார். பின்னால் சின்னப்பொண்ணு அவர் இடுப்பில் சுற்றிய துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பத்து முறை ஏற்றி, பத்து முறை பின்பக்கமாக இறக்கினேன். நான்காவது வாரம் துண்டும் இல்லை, பின்னால் ஆளும் இல்லை. களி இரண்டு உருண்டை உள்ளே போனது.

ஐந்தாவது வாரம் இருப்புச் சரிபார்க்க ஆள் போனது. போனவர் கடமை தவறாதவர். அறுபட்ட கால்களைப் பார்த்து அதிர்ந்து, அரசு உடைமைக்குச் சேதம் என்று சட்டத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதன் கழுத்தில் ‘சான்றுப்பொருள்’ என்று அட்டை கட்டி அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அர்த்தநாரிக்குப் பயந்து நல்ல தமிழில் அவர் எழுதிய அறிக்கை இன்றும் எனக்கு மனப்பாடம்: ‘பயனாளியின் மனைவி சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, அதன் முன்பகுதியில் நான்கு விரற்கடை நீக்கியுள்ளார்.’

மலையில் வெள்ளையன் மறுபடியும் சோற்றை நிறுத்தினார். அளவு சொல்லிவிட்டு வந்தவள் நான். இரவெல்லாம் தூக்கம் இல்லை. மறுநாளே மேல் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘பொருள்: மலைப்பகுதி முதியோர் – நடைச்சட்டம் – திருத்தம் கோருதல் – தொடர்பாக. தற்போதைய நடைச்சட்டம் சமதளத்தில் வாழ்வோரை மட்டுமே கருத்தில் கொண்டு உருவாக்கப்பட்டுள்ளது. மலைவாழ் மக்களை இது தாங்குவதில்லை. சிலரைக் கீழே தள்ளியும் விடுகிறது. முன்பகுதியைத் தேவைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்ய வேண்டும். மேலும், வீட்டுச் சூழலை நேரில் ஆராயாமல் நடைச்சட்டத்தை எவர்மீதும் சுமத்தக் கூடாது.’ அர்த்தநாரி நின்றபடி வாய்விட்டுப் படித்தார். ஒரு சொல்லும் அடிக்கவில்லை. “நன்று” என்றார். பத்து வருடத்தில் அவர் என்னிடம் ‘நன்று’ சொன்னது அந்த ஒரு முறைதான்.

பதில் பத்து நாளில் வந்தது. அதுவே அதிசயம். வந்தது சட்டப் பிரிவிலிருந்து. ‘மேற்படி சட்டம் எந்த ஆண்டைச் சேர்ந்தது? அதன் அமைப்பு யாது?’ இருப்பு விவரம் கேட்கிறார்கள் என்று நினைத்து, ‘சென்ற ஆண்டு வந்தது. நான்கு கால்கள், இரண்டு கைப்பிடிகள் கொண்டது’ என்று எழுதினேன். அர்த்தநாரி அதை ‘நான்கு தாங்குறுப்புகளும் இரு பிடிமானங்களும்’ என்று திருத்தி அனுப்பினார்.

அடுத்த கடிதம்: ‘ஒரே சட்டத்தை ஏறுவோருக்கு ஒருவாறாகவும் இறங்குவோருக்கு வேறொருவாறாகவும் மாற்றக் கோருவது ஏற்புடையதன்று. சட்டத்தின் முன் அனைவரும் சமம்.’ நான் அதை நான்கு முறை படித்தேன். சட்டத்தின் முன் ஒருவர்தானே நிற்க முடியும், அதுவும் நிற்க முடிந்தால்தானே என்று குழம்பினேன். மூன்றாவது கடிதம் வந்தபோதுதான் எனக்குக் கண் திறந்தது. ‘இயற்றிய சட்டத்தின் பகுதியைத் தன்னிச்சையாக நீக்கிய பெண்மணிமீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன?’

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அர்த்தநாரியின் அறைக்கு ஓடினேன். “ஐயா, அவங்க வேற சட்டம்னு நெனச்சுட்டு இருக்காங்க. சட்டசபையில போடுற சட்டம்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “இரண்டாம் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “தெரிஞ்சும் சொல்லலையா? அங்க ஒரு மனுசன் சோறு திங்காம கெடக்கிறாருங்க.”

“உட்காருங்கள், திலகவதி. நாற்காலி, ஊன்றுகோல், நடைச்சட்டம் பற்றி இந்த அலுவலகத்திலிருந்து நான் எழுதிய கடிதங்கள் ஒரு நிலைப்பேழை நிறைய இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: இருப்பில் இல்லை. சிலவற்றுக்கு அதுவும் வரவில்லை. இது இரும்பு என்று தெரிந்தால் நாளைக்கே கோப்பை மூடிவிடுவார்கள். சட்டம் என்று நினைக்கும்வரை பதில் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.” வெள்ளைத்தாள் ஒன்றை முன்னால் இழுத்துக்கொண்டார். “அந்தப் பெரியவர் எத்தனை நாள் தாங்குவார்?”

“ஒரு மாசங்க. அதுக்கு மேல சொல்ல முடியாது.”

அவர் அன்றைக்கே பதில் எழுதினார். ‘நடைச்சட்டத் திருத்தம் உயிர்பற்றிய அவசரப் பொருள் என்பதால் உடனடியாக ஆய்வுக் கூட்டம் கூட்டப்பட வேண்டும்.’ அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

கூட்டம் கூடியது. மேடையில் ‘நடைச்சட்டத் திருத்த ஆய்வுக் கூட்டம்’ என்று பேனர். அர்த்தநாரி அதைப் ‘பதாகை’ என்றார். சட்ட அலுவலர் குணசீலன் இரண்டு தடித்த புத்தகங்களோடு வந்தார். நல்ல மனிதர், வியர்த்துக்கொண்டே இருந்தார். நான்கு ராத்திரி தேடியும் அந்தச் சட்டம் எந்தத் தொகுப்பிலும் கிடைக்கவில்லை என்று என்னிடம் மெதுவாக ஒத்துக்கொண்டார். விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் போனதால் சின்னப்பொண்ணும் மலையிறங்கி வந்து, கடைசி நாற்காலியில் நுனியில் குந்தியிருந்தார்.

குணசீலன் எழுந்து, “அம்மா, சட்டத்தின் முன்பகுதியை நீங்கள் ஏன் நீக்கினீர்கள்?” என்று கேட்டார்.

“எங்க வூட்டுக்காரரு பின்னால சாயறாருங்க. அவர அறுக்க முடியுங்களா? அதான் அத அறுத்தேன்” என்றார் சின்னப்பொண்ணு.

“எதை?”

அர்த்தநாரி உதவியாளருக்குக் கண்ணைக் காட்டினார். பீரோவிலிருந்து, கழுத்தில் அட்டையோடு, முன்னங்கால் குட்டையான நடைச்சட்டம் வந்து மேசைமேல் நின்றது. முன்பக்கம் தாழ்ந்து கூட்டத்தையே வணங்குவது போல் நின்றது. குணசீலன் அதைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், தன் புத்தகங்களைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார். யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள்.

அந்தச் சிரிப்புக்குள்ளேயே சின்னப்பொண்ணு பேசிக்கொண்டிருந்தார். தன்னைக் கேட்ட கேள்விக்குப் பதில் இன்னும் முடியவில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். “அது இருந்த வரைக்கும் நல்லாத் தின்னாருங்க. எடுத்துட்டு வந்ததுல இருந்து வாயவே தெறக்கறதில்ல. உள்ள போனா வெளிய போவணும்னு பயம். தண்ணி குடுத்தா ஒதட்ட நனைச்சுட்டு வச்சுடறாரு. சட்டத்த அறுத்தது தப்புன்னா என்னய உள்ள வையுங்க. அத மட்டும் அவருக்குக் குடுத்துடுங்க.” சிரிப்பு நின்றுவிட்டது. குணசீலன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், கண்களையும் சேர்த்துத் துடைத்தார்.

கூட்டத்தை ரத்து செய்ய முடியவில்லை. ஒரு வாக்கருக்காகச் சட்டத் திருத்தக் கூட்டம் கூட்டினோம் என்று யாரால் எழுத முடியும்? ஆகவே தள ஆய்வு என்று முடிவானது. மூன்றாம் நாள் ஜீப்பில் அர்த்தநாரி, குணசீலன், நான், மடியில் சான்றுப்பொருளோடு உதவியாளர்.

வழியில் குணசீலன் படிவத்தை எடுத்துப் படித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். “இதில் ஒரு சிக்கல் இருக்கிறது மேடம். அவர் இந்தச் சட்டத்தோடு நடந்தால் ‘நடமாடுபவர்’. உங்கள் வீட்டுச் சிகிச்சை கிடையாது, வேறு உபகரணமும் கிடையாது. நடக்காவிட்டால் இந்தச் சட்டம் பயன்படவில்லை என்று அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.” ஜீப் வளைவுகளில் முனகிக்கொண்டு ஏறியது.

வெள்ளையன் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தார். அரைஞாண் கயிற்றில் மூன்றாவது முடிச்சு. எங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். உதவியாளர் சட்டத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அவர் அதையே பார்த்தார். வலது கையை நீட்டிக் கம்பியைத் தொட்டார். பிறகு மனைவியிடம், “தண்ணி குடு” என்றார்.

ஒரு சொம்பு குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டு அதையும் குடித்தார். சின்னப்பொண்ணு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

குணசீலன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “இப்போது போக வேண்டியிருக்கிறதா?” என்று கேட்டார்.

“வரும்போது வருங்க” என்றார் வெள்ளையன்.

“காத்திருப்போம்” என்றார் அர்த்தநாரி. காத்திருந்தோம். ஒரு மனிதருக்கு முட்டிக்கொண்டு வருவதற்காக இரண்டு அதிகாரிகளும் ஒரு ஜீப்பும் முக்கால் மணி நேரம் காத்திருந்த செய்தி எந்தக் கொள்கை விளக்கக் குறிப்பிலும் இருக்காது. கடைசியில் அவர் சட்டத்தைப் பிடித்து எழுந்தார். இடது கை பிடித்துக்கொண்டது. சரிவில் சட்டம் நேராக நின்றது. பதினோரு எட்டு ஏறி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே ஏறிப்போய்க் கதவுக்கு முன்னால் வரிசையாக நின்றோம். குணசீலன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

உள்ளிருந்து குரல் வந்தது. “எல்லாரும் எதுக்கு அங்க நிக்கறீங்க? போங்க அந்தப் பக்கம்.”

அர்த்தநாரியின் முகம் சிவந்துவிட்டது. “வாருங்கள்” என்று முன்னால் இறங்கினார். வாசலின் ஓரத்துக்குப் போய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றார். “திரும்பி நில்லுங்கள்” என்றார். நின்றோம்.

“இறங்குவதைப் பார்க்காமல் அறிக்கையில் நான் என்ன எழுதுவது ஐயா?” என்று குணசீலன் கிசுகிசுத்தார்.

“நீங்களும் எழுத வேண்டாம், நானும் எழுத வேண்டாம். இவருக்குச் சட்டம் வேண்டுமா, வீட்டுச் சிகிச்சை வேண்டுமா, இரண்டுமா என்று இந்த வீட்டை அளந்தவர் எழுதட்டும். இனிமேல் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். படிவத்தில் அதற்கு ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்” என்றார் அர்த்தநாரி. குணசீலன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியே ஆறாவது வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டார்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. டக், டக் என்று இரும்பு மண்ணில் ஊன்றியது. பின்பக்கமாக இறங்குகிறார். நான் மனசுக்குள் எண்ணினேன். ஆறாவது எட்டில் சத்தம் நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடியும் டக். பதினொன்று எண்ணி முடித்தேன்.

மூச்சு வாங்குகிற சத்தத்துக்கு நடுவே வெள்ளையனின் குரல் கேட்டது.

“சின்னப்பொண்ணு, காலைல கிண்டுன களி மிச்சம் இருக்குதா? இருந்தா பெரிய உருண்டையாப் போடு.”